நாலு லட்சம் ஓடிய வண்டி

அவள் வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை காலை மறுபடி பழக்குகிறவள். ஒரு சிறிய சிகிச்சை நிலையம் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. நாளுக்கு ஐந்து வீடு, நடுவில் ஆறு பஸ். தோளில் தொங்கும் பையில் ரப்பர் பட்டைகள், இரண்டு பந்து, கணுக்காலை நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் அச்சு, வியர்த்தால் மாற்றிக்கொள்ள ஒரு மேல்சட்டை. பை எட்டரைக் கிலோ என்று ஒரு நாள் அவள் கணவன் எடை போட்டுச் சொன்னான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டான்.

புதன்கிழமைகளில் மூன்றாவது வீடு டிரைவர் வீடு. முப்பத்தொரு வருடம் வாடகைக் கார் ஓட்டியவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. அவள் முதல் முறை வந்தபோது அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. இப்போது தடியை ஊன்றிக்கொண்டு கூடத்தை ஏழு சுற்றுச் சுற்றுகிறார்.

அவரை எழுப்பியது மருந்து இல்லை, வண்டி என்று அவளுக்குத் தெரியும். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த கார் நின்றது. மீட்டரில் நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர். அவர் சோர்ந்து உட்காரும்போதெல்லாம் அவள் ஒரே வார்த்தையைத்தான் சொல்வாள்: "காலை மடக்குங்க ஐயா. பிரேக்கை யார் மிதிக்கறது?" பத்து முறை மடக்கச் சொன்னால் அவர் பதினொன்று மடக்குவார்.

ஆனால் அவர் இனி வண்டி ஓட்ட முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். கால் காரணமில்லை. மூளையில் ரத்தம் அடைத்த இடம் பார்வைக்கு உரிய இடம். இரண்டு கண்ணிலும் வலது பாதிப் பார்வை போய்விட்டது. தட்டின் வலது பக்கத்துச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்பார். வாசற்படியில் வலது தோளை இடித்துக்கொண்டு கதவைத் திட்டுவார். கண் டாக்டர் இதை அவர் மனைவியிடம்தான் சொன்னார். அவர் அப்போது வெளியே சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். போனது போனதுதான், வண்டியைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்த தாளை அந்த அம்மா அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். பயிற்சி கொடுக்க வந்தவளிடம் மட்டும் காட்டினாள். காட்டிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை மட்டும் இப்போது சொல்லாதே, அந்த மனுஷன் வண்டிக்காகத்தான் எழுந்திருக்கிறார், சொன்னால் அப்படியே படுத்துவிடுவார் என்றாள். சரி, ஒரு மாதம் போகட்டும் என்று இவளும் தலையாட்டினாள். ஒரு மாதம் ஒன்பது மாதமாகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் அவர் அவளை உட்காரச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து இடது கையால் லைசென்சை எடுத்து மேசையில் வைத்தார். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதியோடு அது முடிகிறது.

"இதைப் புதுப்பிக்கணுமா வேண்டாமா, நீ சொல்லும்மா. புதுப்பிக்கலாம்னு சொன்னா வண்டி எனக்கு. வேண்டாம்னு சொன்னா வண்டி உனக்கு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் விளையாடல. என் உடம்பு என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும். பஸ்ஸுக்கு நின்னு நின்னு உன் கால் வீங்கறதையும் நான் பாக்கறேன். அடுத்த புதன்கிழமை பதில் சொன்னாப் போதும். அதுக்குள்ள ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து வண்டியைப் பாத்துக்க. ஓட்டை வண்டியைத் தலையில கட்டிட்டான் கிழவன்னு பின்னால நீ சொல்லக்கூடாது."

சமையலறையில் டம்ளர் கழுவும் சத்தம் நின்றுபோனது.

அந்த அம்மா வாசல் கேட் வரை கூடவே வந்தாள். வண்டி இந்த வீட்டைவிட்டுப் போனால் தனக்கு நிம்மதி, தினமும் காலையில் போய் அதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார், பயந்துபோய்ச் சாவியைத் தானே ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். ஆனால் கண் விஷயம் மட்டும் வேண்டாம். கை சரியாகவில்லை என்று சொல்லிவிடு என்றாள். கை என்று சொன்னால் இன்னும் ஆறு மாதம் பழகுகிறேன் என்பாரே என்று இவள் கேட்டாள். அந்த அம்மா கேட்டின் தாழ்ப்பாளைத் தேவையில்லாமல் இரண்டு முறை போட்டு எடுத்தாள்.

பஸ்ஸில் இவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் விழுவார். பொய் சொன்னால் அவர் தெருவில் வண்டியை எடுப்பார். இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் இருந்தது. அவளுக்கு அந்த வண்டி வேண்டும். எட்டு வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரை மணி நேரம், காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கடைசிப் பிள்ளையாகக் காத்திருக்கிறாள். கார் இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் இருபது நிமிடமாகும். 'ஓட்டாதீங்க' என்று தன் வாயால் சொல்லிவிட்டு, அந்த வாயை மூடுமுன்னே சாவிக்குக் கை நீட்டுகிறவளை ஊர் என்ன சொல்லும்? அவளே அவளை என்ன சொல்வாள்?

வீட்டில் சொன்னதும் கணவன் முதலில் கண்ணைப் பற்றித்தான் பேசினான். கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று அவள் முன்பே ஒரு முறை அவனிடம் கேட்டிருந்தாள். கண் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணுக்குப் பின்னால் இருப்பதுதான் கெட்டுவிட்டது, அதற்கு யாரும் லென்ஸ் தேய்க்க முடியாது என்று அப்போது சொன்னதையே இப்போதும் சொன்னான். பிறகு வண்டிக்கு வந்தான். நாலு லட்சம் ஓடிய வண்டி என்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றான். ஆனாலும் தன்னோடு படித்த மெக்கானிக் ஒருவனை அழைத்து வருவதாகச் சொன்னான்.

அவளுக்கு உள்ளூர ஓர் ஆசை முளைத்தது. மெக்கானிக் வந்து பார்த்து, இது பழைய இரும்புக்குத்தான் லாயக்கு என்று சொல்லிவிட வேண்டும். அப்போது வண்டியும் இல்லை, கேள்வியும் இல்லை. ஓடாத வண்டிக்கு லைசென்ஸ் எதற்கு என்று பேச்சு தானாக முடிந்துபோகும்.

சனிக்கிழமை மூவரும் போனார்கள். மெக்கானிக் அதிகம் பேசாதவன். வந்ததும் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டான். டிரைவர் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தடி மடியில் இருந்தது. பரீட்சை எழுதப் போன பிள்ளையின் தகப்பன் மாதிரி அவர் முகம் இருந்தது. அடியிலிருந்து மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். பிரேக் குழாயில் துரு. அது மழைக்காலத்தில் நின்றதால். டிரைவர் சீட்டுக்கு அடியில் தரை ஓட்டையாகி, யாரோ தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். யாரோ இல்லை, நான்தான். கிளச் பிளேட் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் கசிகிறது. ஷாக் அப்சார்பர் நான்கும் போய்விட்டது.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாங்க. இதுல பல்லே இல்ல" என்று கணவன் அவள் காதில் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலவும் இருந்தது.

கடைசியில் மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சாவி கேட்டான். அந்த அம்மா தயங்கித் தயங்கி உள்ளே போய், நீண்ட நேரம் கழித்து எடுத்து வந்தாள். அவன் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டான். தலையைச் சாய்த்து ஐந்து நிமிடம் கேட்டான். எண்ணெய்க் குச்சியை உருவி முகர்ந்தான். பிறகு இன்ஜினை நிறுத்தி, பட்டறை வழக்கப்படி சாவியை டிரைவரின் கையில் கொடுத்தான்.

"இன்ஜின் கிண்ணுன்னு இருக்கு. இன்னும் ஒரு லட்சம் தாராளமா ஓடும். மத்ததெல்லாம் செலவு. ஆனா செய்யலாம்" என்றான்.

டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க முடியாமல் அவள் குனிந்து பையின் வாரைச் சரி செய்தாள். செலவு அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு வந்தது. அதுகூட அவளைப் பயமுறுத்தவில்லை. செய்யலாம் என்ற அந்த ஒரு சொல்தான் பயமுறுத்தியது. அந்தக் கலவரத்தில் சாவி யார் கையில் போனது என்பதை அவளும் கவனிக்கவில்லை, அந்த அம்மாவும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை நிலையத்தின் மேலாளரிடம் கேட்டாள். நோயாளிகள் வீட்டிலிருந்து டீயைத் தவிர எதையும் வாங்கக்கூடாது என்பது விதி என்று அவர் நினைவூட்டினார். விலை கொடுத்து வாங்கினால் அது வேறு விஷயம் என்றும் சேர்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஒரு நோயாளியின் இடது கையைப் பழக்க வேண்டியவள், வலது கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நீட்டி மடக்கினாள். அவர் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. என்ன சொல்வது என்று முடிவெடுக்காமலேயே சந்துக்குள் திரும்பினாள். கை என்று சொல்லலாம். அல்லது இன்னும் ஒரு வாரம் கேட்கலாம். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வீடுகள். ஒரு கார் போனால் ஒரு ஆள் ஒட்டி நிற்கலாம், அவ்வளவுதான் அகலம். பத்தடி போனதும் இன்ஜின் சத்தம் கேட்டது.

கொட்டகையிலிருந்து காரின் மூக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் டிரைவர். குளித்துச் சட்டை மாற்றியிருந்தார். வண்டி மெதுவாகச் சந்துக்குள் திரும்பி, நேராக அவளை நோக்கி வந்தது. அவள் மதிலோடு ஒட்டினாள். அவருடைய வலது பக்கம் அது. அவர் தன் பக்கம்தான் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்தாள், கையைக்கூட உயர்த்தினாள். அந்தப் பார்வை அவளைத் தொடவே இல்லை. காலியான சந்தைப் பார்க்கிற முகத்தோடு, கொஞ்சம் சந்தோஷத்தோடு, அவர் வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மின்கம்பம். கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவில் நுழைய இடமில்லை.

"ஐயா" என்று கத்தினாள்.

வண்டியின் பக்கக் கண்ணாடி அவள் தோளில் இருந்த பையில் மோதிப் பையின் வார் அறுந்தது. பந்து ஒன்று சந்தில் உருண்டு ஓடியது. அதற்குப் பிறகுதான் வண்டி குலுங்கி நின்றது. அவர் தலையை முழுதாகத் திருப்பியபோதுதான் அவளைக் கண்டார்.

"எங்கேர்ந்தும்மா வந்த?"

"நேரா உங்க முன்னாலதான் ஐயா வந்தேன்."

அவள் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். மோதியது பையில் இல்லாமல் தன் இடுப்பில் என்றால் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு தன் இடத்தில் மகள் நின்றிருந்தால் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு கை என்றோ இன்னொரு வாரம் என்றோ சொல்ல அவளால் முடியவில்லை.

அவரை நேரே தெரியும் சந்தின் கோடியைப் பார்க்கச் சொன்னாள். தலையைத் திருப்பக் கூடாது என்றாள். அவருடைய வலது காதுக்குப் பக்கத்திலிருந்து தன் கையை மெல்ல முன்னால் கொண்டு வந்தாள்.

"என் கை தெரியுதா ஐயா?"

"எந்தக் கை?"

கை அவர் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். இன்னொரு முறை காட்டு என்றார். காட்டினாள். மூன்றாம் முறை அவரே தன் இடது கையால் செய்து பார்த்தார்.

அவள் சொன்னாள். கால் வரும், கை முக்கால்வாசி வரும், கண் வராது. லைசென்சைப் புதுப்பிக்க வேண்டாம்.

"எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"ஒம்பது மாசமா."

அவர் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலரில் வியர்வை இறங்கியிருந்தது.

"பிரேக்கை யார் மிதிக்கறதுன்னு தினமும் கேட்டியே" என்றார்.

அவள் வாயில் வந்ததெல்லாம், எனக்கு வண்டி வேண்டாம் ஐயா என்பதுதான். உள்ளேயிருந்து ஓடி வந்த அந்த அம்மா, அறுந்த பையையும் இருவர் முகத்தையும் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினார்.

அடுத்த புதன்கிழமை வர வேண்டாம் என்று அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது. "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவர் கட்டிலைவிட்டு இறங்குவதில்லை, காலை மடக்கச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்று நிலையத்தில் தெரிவித்திருந்தார்கள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செய்தது சரி என்று கணவன் ஒவ்வொரு நாளும் சொன்னான். சரியானதைச் செய்தவர்களுக்கு இப்படித் தூக்கம் போகுமா என்று அவள் கேட்டாள். ஒன்பது மாதம் முன்னால் செய்திருந்தால் போயிருக்காது என்றான் அவன். அளந்து பேசுகிறவன், அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாவது வாரம், அவள் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, டிரைவரே போனில் கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. பழைய இரும்புக்காரன் வந்து வண்டிக்கு விலை சொல்லிவிட்டுப் போனதாகவும், அவனைத் துரத்திவிட்டதாகவும் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. வண்டி வேண்டாம்னியே, வண்டி நல்லா இல்லைங்கறதாலயா?"

அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, உண்மையைச் சொல்லிவிட்டு அதற்குக் கூலி வாங்கினது போல் ஆகிவிடும், அதனால்தான் என்றாள்.

"கூலி வாங்காம யாரும்மா வேலை பாக்கறாங்க? நான் என்ன முப்பத்தொரு வருஷம் தர்மத்துக்கா ஓட்டினேன்? பொய் சொன்னதுக்குத்தான் உன் மேல கோவம். நிஜம் சொன்னதுக்கு இல்ல."

அவள் மேலாளர் சொன்ன விதியைச் சொன்னாள். அப்படியானால் இரும்புக்காரன் சொன்ன விலையைக் கொடு, அதற்கு ஒரு காசு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்றார் அவர். ஒரு நிபந்தனையும் போட்டார். வண்டி பட்டறையில் இருக்கும் நாளெல்லாம் அவர் அங்கே உட்கார்ந்திருப்பார்.

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் மனசு ஊசலாடியது. வழியில் நின்றுவிட்டால்? துரு வேறு எங்காவது ஒளிந்திருந்தால்? அவள் லைசென்ஸ் வாங்கிப் பத்து வருடமானாலும் ஓட்டியது மொத்தம் இருபது தடவை இருக்காது. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனபோது மகள் காவலாளியின் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், அவர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அங்கிருந்தே டிரைவருக்குப் போன் செய்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

பட்டறையில் பதினெட்டு நாள். டிரைவர் தினமும் ஆட்டோவில் போய் இறங்கினார். மெக்கானிக்குக்கு முதல் மூன்று நாள் எரிச்சல், நாலாம் நாளிலிருந்து பழக்கம். பிரேக் குழாயை முழுக்க மாற்றாமல் ஒட்டுப்போட நினைத்தபோது, தடியால் தரையைத் தட்டி மாற்ற வைத்தவர் அவர்தான். பட்டறைக்குப் போவதற்காகவே மறுபடி காலை மடக்க ஆரம்பித்தார். அவளிடம் அதிகம் பேச்சில்லை. புதிதாக அவள் சொல்லிக் கொடுத்த, தலையை வலப்பக்கம் முழுதாகத் திருப்பிப் பார்க்கும் பயிற்சியை முறைத்துக்கொண்டே செய்தார். அந்த அம்மா முன்போலவே டீ கொண்டுவந்து வைத்தாள். ஆனால் முன்போல் எதிரில் உட்காரவில்லை. அது இன்றுவரை அப்படித்தான்.

வண்டி வந்த முதல் மாதம் அவள் தினமும் காலையில் சாவியைத் திருப்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு முறை நின்றது. ஒரு முறை பேட்டரி, ஒரு முறை அவள் பெட்ரோல் போட மறந்தது. மற்றபடி ஓடியது. மகள் இப்போது பள்ளியில் கடைசிப் பிள்ளையாகக் காத்திருப்பதில்லை.

இரண்டாவது மாதம் டிரைவருக்குக் கண் டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. அவளே அழைத்துப் போவதாகச் சொன்னாள். அவர் முன்சீட்டில், அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். அந்த அம்மா பின்னால். வழியெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை. தான் தப்பாக கியர் மாற்றினால் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள், அதுவும் இல்லை.

ஒரு முச்சந்தியில் நிறுத்தினாள். விளக்கு கிடையாது. வண்டிகள் வந்த வண்ணம் இருந்தன. அவள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். டிரைவர் இடப்பக்கம் பார்த்தார்.

"இந்தப் பக்கம் காலி" என்றார். பிறகு கேட்டார். "வலது பக்கம் எப்படி இருக்கு? எனக்குத் தெரியல."

"ஒரு லாரி வருது ஐயா."

"போகட்டும். அவசரமில்ல."

லாரி போனது. இப்போது காலி என்று அவள் சொன்னாள். அவர் தலையசைத்தார். அவள் கிளச்சை விட்டாள். வண்டி ஒரு முறை உதறிவிட்டு நகர்ந்தது.